நூல் கேட்பதற்கும் ஒரு கணக்கு வேண்டும்

கைவேலைப் பகுதி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

முதியோர் இல்லங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் போர்வை, குல்லா பின்னிக் கொடுப்பது பற்றி இப்பகுதியில் எழுதிய குறிப்புக்குப் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றி வந்தன. பின்னக் கை இருக்கிறது, நேரமும் இருக்கிறது, நூலுக்குத்தான் வழியில்லை என்பதே அவற்றின் சாரம். ஆகவே இந்த முறை மற்றக் கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு, நூலைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நாங்கள் ஆறு பேர், எல்லோரும் பணி ஓய்வு பெற்றவர்கள். செவ்வாய்தோறும் ஒருவர் வீட்டில் கூடி, குரோஷாவில் போர்வை பின்னி முதியோர் இல்லத்துக்குத் தருகிறோம். இதுவரை கைக்காசு போட்டு நூல் வாங்கினோம், இனிக் கட்டுப்படியாகாது. நன்கொடையாக நூல் எங்கே கிடைக்கும்? யாரிடம், எப்படிக் கேட்பது?
(கோயம்புத்தூர் வாசகி)

பதில்: நூல் இல்லாத ஊர் கிடையாது, அது எந்த அலமாரியில் தூங்குகிறது என்று தெரிந்துகொண்டு எழுப்ப வேண்டும், அவ்வளவுதான். பேரன் பிறக்கப்போகிறான் என்று தொடங்கி, அவன் பள்ளிக்கூடம் போன பிறகும் ஒரு கை மட்டும் முடியாமல் கிடக்கும் ஸ்வெட்டர், ஊரடங்குக் காலத்தில் பொம்மை பின்னப் பழகிக் கைவிட்ட மகளின் அட்டைப்பெட்டி, காலமான மாமியாரின் தகரப்பெட்டியில் ஊசியோடு சுற்றிவைத்த நான்கு உருண்டைகள் என்று, எறிய மனம் வராமலும் எடுத்துப் பின்னத் தெரியாமலும் வைத்திருப்பவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். அவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்ற எண்ணம் இல்லை. இதுவரை யாரும் கேட்கவில்லை.

அடுத்து உல்லன் நூல் விற்கும் கடை. நாம் பழக்கத்தில் ‘உல்லன்’ என்றுதான் கேட்கிறோம். கடையில் எடுத்துத் தருவது பெரும்பாலும் அக்ரிலிக் நூல். ஒரே நிற எண் கொண்ட நூலாக இருந்தாலும், தனித்தனியாகச் சாயம் ஏற்றிய இரண்டு லாட்டுகளுக்கிடையே மெல்லிய நிற வேறுபாடு இருக்கும். ஆகவே ஒரு லாட்டில் கடைசியாக மிஞ்சிய இரண்டு மூன்று உருண்டைகளை, முழு ஸ்வெட்டர் பின்னுபவர்கள் தொடமாட்டார்கள். கடைக்காரருக்கு அவை அடைசல். பல நிறச் சதுரங்களை இணைத்துப் போர்வை செய்யும் உங்களுக்கு அவையே பொன். குளிர்காலம் முடிந்து, சரக்கைக் கணக்கெடுத்து மூட்டை கட்டும் பிப்ரவரி கடைசியில் போய்க் கேளுங்கள். இலவசமாகத் தராவிட்டாலும் பாதி விலைக்குத் தருவார். தீபாவளி நெருக்கத்தில் போய் நின்றால் எவருக்கும் எரிச்சல்தான் வரும்.

மூன்றாவதாக, பொம்மையும் பையும் பின்னி விற்பவர்கள், குரோஷா வகுப்பு எடுப்பவர்கள். அவர்களிடம் 10 கிராம், 20 கிராம் என்று துண்டு நூல்கள் குவிந்துகிடக்கும். 2016 ஜனவரி 31 அன்று சென்னையில், ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ என்ற பெண்கள் குழு, பலரும் பின்னி அனுப்பிய சிறு போர்வைகளை ஒன்றாக இணைத்து 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷாப் போர்வையாக விரித்து கின்னஸ் சாதனை படைத்ததை நினைத்துப் பாருங்கள். அந்தப் போர்வை பிறகு பிரிக்கப்பட்டுத் தேவைப்பட்டவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அப்படிப் பின்னிப் பழகிய ஒருவரைத் தெரிந்துகொண்டால், அவர் வழியாகப் பத்துப் பேரின் மிச்சநூல் பை உங்களுக்குத் திறக்கும்.

இனிக் கேட்கும் முறை. ‘நூல் இருந்தால் தாருங்கள்’ என்று எழுதினால் எதுவும் வராது, அல்லது எல்லாமும் வரும், இரண்டுமே தொல்லை. முதலில் உங்கள் தேவையைக் கிராமில் சொல்லப் பழகுங்கள். எட்டு அங்குலச் சதுரம் ஒன்றை நாலுபிரி நூலில் பின்ன ஏறத்தாழ 25 கிராம் செலவாகும். அதாவது 50 கிராம் உருண்டையில் இரண்டு சதுரங்கள். குறுக்கே 5, நெடுக்கே 7 என்று 35 சதுரங்களை இணைத்தால், 40 அங்குல அகலமும் 56 அங்குல நீளமும் கொண்ட போர்வை கிடைக்கும். தென்னாப்பிரிக்காவில் ஆதரவற்ற குழந்தைகளுக்காக உலகெங்கிலுமிருந்து சதுரங்களைச் சேர்க்கும் ‘நிட் எ ஸ்கொயர்’ குழுவினரும் இதே 8 அங்குல அளவையும் 35 சதுரங்களையும்தான் கடைப்பிடிக்கிறார்கள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெரியவரின் மடிக்கும் காலுக்கும் இந்த அளவு போதும். இணைப்புக்கும் ஓரத்துக்கும் சேர்த்து ஒரு போர்வைக்கு ஒரு கிலோவை ஒட்டி ஆகும். ‘எங்களுக்குப் பத்துப் போர்வைகளுக்கு நூல் வேண்டும், ஒரு பாதி உருண்டை தந்தால் அது ஒரு சதுரமாகும்’ என்று எழுதிப் பாருங்கள். பாதி உருண்டை வைத்திருப்பவருக்கு, தன் கையிலிருப்பது ஒரு பொருட்டா என்ற கூச்சம் போய்விடும்.

அறிவிப்பில் இன்னும் சில விவரங்கள் இருக்க வேண்டும். எந்தப் பருமன் நூல் வேண்டும், ஈரமோ எலிக்கடியோ இல்லாத நூலாக இருக்க வேண்டும், எந்த இல்லத்துக்குப் போகிறது, எங்கே கொண்டுவந்து வைப்பது, எந்தத் தேதியோடு நிறுத்திக்கொள்வீர்கள் என்பவையே அவை. கடைசித் தேதியை மறந்துவிடாதீர்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலர் அறையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மட்டும் ஓர் அட்டைப்பெட்டி வைத்தால், மக்கள் நினைவாகக் கொண்டுவந்து போடுவார்கள். ஆண்டு முழுவதும் வைத்த பெட்டியில் பழைய காலணியும் காலி டப்பாவும்தான் சேரும்.

கேள்வி: நான் ஒரு பனியன் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒவ்வோர் ஆர்டர் முடிந்ததும், நூல் சுற்றிவரும் கூம்புகளான கோன்களின் அடியில் நூல் மிஞ்சுகிறது. வெட்டும் பிரிவில் துணிக் கழிவும் குவிகிறது. கேட்டால் முதலாளி தருவார் என்றே தோன்றுகிறது. ஆனால் கோன் நூல் மயிரிழை போல இருக்கிறதே, அதில் என்ன பின்ன முடியும்?
(திருப்பூர் வாசகி)

பதில்: நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்த்து மற்ற வாசகிகள் பெருமூச்சு விடுவார்கள். உங்கள் நிறுவனத்தில் 30-ஆம் நம்பர், 40-ஆம் நம்பர் என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் (நூல் கட்டுகள்) எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருமோ, அந்த எண்ணிக்கைதான் நூலின் நம்பர். ஆகவே நம்பர் ஏற ஏற நூல் மெலியும். கணக்குப் போட்டுப் பார்த்தால், 30-ஆம் நம்பர் நூல் கிராமுக்கு ஏறத்தாழ 50 மீட்டர் ஓடும்; 10-ஆம் நம்பர் 17 மீட்டர் ஓடும். நாம் போர்வைக்குப் பயன்படுத்தும் நாலுபிரி உல்லன் நூலோ கிராமுக்கு 2 மீட்டர்தான். அந்தக் கனம் வேண்டுமானால் 30-ஆம் நம்பரில் 25 இழைகளை ஒன்றாகச் சேர்க்க வேண்டும். அது நடக்கிற காரியமில்லை. 10-ஆம் நம்பரில் 8 இழை போதும், அது நடக்கும். எனவே ‘மிச்ச நூல் தாருங்கள்’ என்று பொதுவாகக் கேட்காமல், 10-ஆம் நம்பர் போன்ற குறைந்த நம்பரில், அதாவது கனமான நூலில், மிஞ்சியதைக் கேளுங்கள். நான்கு இழை மட்டும் சேர்த்து 3 மில்லிமீட்டர் ஊசியில் பின்னினால், முதியோர் இல்லங்களில் உடம்பு துடைக்கப் பயன்படும் பருத்திக் கைத்துண்டுகள் மிக நன்றாக வரும். கோன்களைத் தரையில் நிறுத்தி, எல்லா இழைகளையும் நாற்காலிக் கையில் கட்டிய ஒரு கண்ணாடி வளையலுக்குள் நுழைத்து மேலே இழுத்துப் பின்னுங்கள். இழைகள் ஒன்றோடொன்று சிக்காது. பின்னி முடித்ததும் வெந்நீரில் சோப்புப் போட்டு ஒருமுறை அலசிவிட வேண்டும், ஏனென்றால் எந்திரத்தில் சீராக ஓடுவதற்காக அந்த நூலுக்கு மெழுகு பூசியிருப்பார்கள்.

உண்மையில் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய செல்வம் கோன் அல்ல, வெட்டுத்துணி. பனியன் துணியை அகலவாக்கில் ஓர் அங்குலப் பட்டையாக வெட்டி இரு முனைகளையும் பிடித்து இழுத்தால், இரண்டு ஓரமும் உள்நோக்கிச் சுருண்டு உருண்டையான கயிறுபோல ஆகிவிடும். பழைய டி-ஷர்ட்டிலும் இதைச் செய்யலாம். அக்குளுக்குக் கீழே குறுக்காக வெட்டி, அடி மடிப்புத் தையலையும் நீக்கினால் ஒரு குழாய் கிடைக்கும். அதைத் தட்டையாக விரித்து, ஒரு பக்க ஓரத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் மீதிவைத்துப் பட்டை பட்டையாக வெட்ட வேண்டும். பிறகு வெட்டாத அந்தப் பகுதியை விரித்து, ஒரு பட்டையின் முடிவிலிருந்து அடுத்த பட்டையின் தொடக்கத்துக்குச் சாய்வாக வெட்டிக்கொண்டே போனால், ஒட்டில்லாத ஒரே நீள நூல். பெரிய ஆண்கள் சட்டை ஒன்றில் ஏறத்தாழ 16 மீட்டர் வரும். இழுத்த பிறகு இன்னும் நீளும். 10 அல்லது 12 மில்லிமீட்டர் ஊசியில் இதைக் கொண்டு பின்னும் தரைவிரிப்புகள் கல்லுப்போல உழைக்கும். நெய்த துணி இப்படிச் சுருளாது. அடர் சிவப்பும் கருநீலமும் சாயம் விடும். முதலில் தனியே ஊறவையுங்கள்.

கணக்குப் பிரிவில் இருப்பதால் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நிறுவனம் ஒரு பொருளை அன்பளிப்பாகக் கொடுத்தால், அதை வாங்கும்போது கட்டிய வரிக்கு ஈடாக எடுத்துக்கொண்ட உள்ளீட்டு வரி வரவை ஜிஎஸ்டி சட்டப்படி திருப்ப வேண்டியிருக்கும். இதற்காகவே பல நிறுவனங்கள் இலவசம் என்றால் தயங்குகின்றன. கழிவு விலைக்கு ஒரு சிறு பில் போட்டுத் தந்துவிடுங்கள் என்று கேட்டால் அவர்களுக்கும் எளிது, உங்களுக்கும் கௌரவம். அதுபோல, நன்கொடைக்கான வருமானவரிச் சலுகை பணமாகத் தருவதற்குத்தான் உண்டு, பொருளுக்கு இல்லை. அந்த ஆசையைக் காட்டி யாரிடமும் நூல் கேட்காதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், வாய்மொழி அனுமதி போதும் என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு வராமல், காவல் வாயிலில் காட்ட ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் நூல் கேட்டோம், ஒரு மூட்டை பழைய ஸ்வெட்டர்கள் வந்துவிட்டன. பிரித்தால் நூலாகும் என்கிறார்கள். ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன், சாண் சாணாக அறுந்து வருகிறது. நான் செய்த தவறு என்ன?
(உதகமண்டலம் வாசகி)

பதில்: தவறு உங்கள் கையில் இல்லை, அந்த ஸ்வெட்டரின் பக்கத் தையலில் இருக்கிறது. ஆலைகளில் பெரிய பின்னல் துணியாக ஓட்டி, கத்தரித்து, ஓவர்லாக் போட்டுத் தைத்த ஸ்வெட்டரில் ஒவ்வொரு வரிசையும் ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கும். அதைப் பிரித்தால் ஒரு வரிசைக்கு ஒரு துண்டு என்றுதான் வரும். கையால் பின்னியதையும், பாகம் பாகமாக வடிவத்தோடு பின்னிச் சங்கிலித் தையலால் இணைத்ததையும் மட்டுமே நூலாக மீட்க முடியும். ஸ்வெட்டரை உட்புறமாகத் திருப்பிப் பாருங்கள். தையல் ஓரத்தில் ஓவர்லாக் நூலின் வலையும் நறுக்கிய பிசிறும் தெரிந்தால், அதைப் பிரிக்க முயலாமல் துவைத்து யாருக்காவது அணியக் கொடுத்துவிடுங்கள். ஓரம் சங்கிலிபோல முழுசாக இருந்தால் அது நம்முடையது. அடிக்கடி வெந்நீரில் துவைத்துக் கம்பளம்போல இறுகிவிட்ட கம்பளி ஸ்வெட்டரும் பிரியாது.

பிரிக்கத் தகுந்தது கிடைத்தால், முதலில் பக்கத் தையலை நீக்கிப் பாகங்களைத் தனித்தனியாக எடுங்கள். பெரும்பாலான ஸ்வெட்டர்கள் இடுப்பில் தொடங்கித் தோளில் முடிவதால், பிரிப்பதைத் தோளிலிருந்து தொடங்க வேண்டும். அடியிலிருந்து இழுத்தால் ஒவ்வொரு வரிசையிலும் முடிச்சு விழுந்து உயிரை வாங்கும். வருகிற நூலை உருண்டையாகச் சுற்றாமல் நாற்காலியின் முதுகில் சுற்றிக்கொண்டே வாருங்கள். நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டிக் கழற்றி, வெதுவெதுப்பான நீரில் சிறிது சோப்போடு அரைமணி நேரம் ஊறவைத்து, கசக்காமல் எடுத்து நிழலில் தொங்கவிட வேண்டும். அடியில் கால் லிட்டர் தண்ணீர்ப் புட்டி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டால், நூடுல்ஸ் போலச் சுருண்டிருந்த நூல் மறுநாள் காலையில் நேராகியிருக்கும். அவசரப்பட்டு இஸ்திரிப் பெட்டியை மட்டும் எடுக்காதீர்கள். அக்ரிலிக் நூல் சூடு பட்டால் உயிரற்றுத் தொய்ந்துபோகும். மறுபடி அது நிமிராது.

உண்மையான கம்பளியாக இருந்து, அதில் பூச்சி அரித்த துளைகள் தெரிந்தால், மற்ற நூல்களோடு சேர்க்காமல் பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஒரு வாரம் உறைபெட்டியில் வைத்தெடுங்கள். இரண்டாம் உலகப்போரின்போது, 1941 ஜூனில் பிரிட்டனில் துணிக்குப் பங்கீடு வந்த பிறகு, அந்நாட்டுப் பெண்கள் பழைய ஸ்வெட்டரைப் பிரித்துப் புதியது பின்னுவதையே வழக்கமாக்கிக்கொண்டார்கள். நாம் செய்வது அதே வேலைதான். ஒரு ஸ்வெட்டருக்கு ஒரு மாலைப்பொழுது போகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மூட்டையில் பத்தில் மூன்று தேறினால் அது நல்ல மூட்டை.

கேள்வி: புற்றுநோய் சிகிச்சையில் முடி உதிர்ந்தவர்களுக்கும், அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைகளுக்கும் குல்லா பின்னித் தர ஆசை. நன்கொடையாக வந்த நூலில் சீட்டு எதுவும் இல்லை. எது பருத்தி, எது உல்லன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாவற்றையும் பயன்படுத்தலாமா?
(சென்னை வாசகி)

பதில்: எல்லாவற்றையும் பயன்படுத்தக் கூடாது. பல ஆண்டுகளுக்கு முன் நானும் என் தோழிகளும், வந்த நூலையெல்லாம் கொண்டு நாற்பது குல்லாக்கள் பின்னி ஓர் இல்லத்தில் கொடுத்தோம். அடுத்த ஆண்டு வேறு வேலையாகப் போனபோது, நாற்பதும் அதே பையில், நாங்கள் போட்ட முடிச்சுக்கூட அவிழாமல், பண்டக அறையில் இருந்தன. அவர்கள் மேல் குறையே இல்லை. சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் இருப்பவர்களுக்கு அக்ரிலிக் குல்லாவைக் கொடுத்தது நாங்கள். அன்றிலிருந்து, யாருக்கு என்று முடிவாகாமல் நான் ஊசியை எடுப்பதில்லை.

நூலை அறியப் பாட்டி காலத்துச் சோதனை ஒன்றிருக்கிறது. இரண்டு அங்குலத் துண்டை இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டின் மேல், அருகில் தண்ணீர் வைத்துக்கொண்டு தீக்குச்சியால் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, தொட்டால் பொடியாகும் சாம்பல் ஆகும். கம்பளி முடி கருகும் நாற்றத்தோடு தயங்கித் தயங்கி எரிந்து தானே அணையும். மிஞ்சும் கரிய மணி விரலில் நசுங்கும். அக்ரிலிக் உருகிக்கொண்டே கரும்புகையோடு எரிந்து, ஆறியதும் நசுங்காத கெட்டிக் குமிழாக நிற்கும். அந்தக் கடைசிக் காட்சியை ஒருமுறை கண்டவர்கள், அடுப்படியில் பாத்திரம் பிடிக்கும் துணியை அக்ரிலிக்கில் பின்ன மாட்டார்கள்.

சிகிச்சையில் இருப்பவர்களின் தலைத்தோல் மிக மென்மையாகிவிடும். மயிர் நீட்டிக்கொண்டிருக்கும் நூலும், குத்தும் கம்பளியும், மினுக்கு இழை கலந்ததும் ஆகாது. நம் ஊருக்கு மிருதுவான பருத்தியே முதல் தேர்வு. முடிச்சுகளும் நூல்முனைகளும் உள்ளே உறுத்தாதபடி பின்னலுக்குள் ஓட்டிவிட வேண்டும். நூலைக் கழுத்தின் பக்கத்தில் வைத்து இரண்டு நிமிடம் தேய்த்துப் பாருங்கள். உங்களுக்கு உறுத்தினால் அவர்களுக்கு இரண்டு மடங்கு உறுத்தும். மார்பக அறுவைக்குப் பின் உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளும் பின்னல் மார்பகங்களைச் செய்து இலவசமாகத் தரும் ‘நிட்டட் நாக்கர்ஸ்’ என்ற அமெரிக்க அமைப்பு 2011 முதல் இயங்குகிறது. அவர்கள் எந்தெந்த நூலில் பின்னலாம் என்று பட்டியலே வைத்திருக்கிறார்கள். தெரியாத மிச்சநூலுக்கு அங்கே இடமில்லை. இந்தியாவில் மும்பையைச் சேர்ந்த ‘சாய்ஷா’ அறக்கட்டளை இதே பணியைச் செய்கிறது. இப்படிப்பட்ட வேலைக்கு நன்கொடையாக நூல் கேட்பதைவிட, அந்த நூலை வாங்கித் தருமாறு கேட்பது நேர்மையானது.

குழந்தைகளுக்கு இன்னும் கண்டிப்பு வேண்டும். டென்மார்க்கில் 2013-இல் தொடங்கி, குறைப்பிரசவக் குழந்தைகளுக்குப் பருத்தி நூலில் ஆக்டோபஸ் பொம்மை பின்னித் தரும் குழுவினர், நூறு சதவீதப் பருத்தி, 60 டிகிரியில் துவைக்கத் தாங்கும் சாயம், இழுத்துப் பிடித்தாலும் 22 சென்டிமீட்டரைத் தாண்டாத கால்கள் என்று விதி வகுத்திருக்கிறார்கள். கால் நீண்டால் குழந்தையைச் சுற்றிக்கொள்ளும் என்பதே காரணம். குல்லாவுக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும்: நாடா கூடாது, பொத்தான் கூடாது, உல்லன் பந்து கூடாது, விரல் சிக்கும் பெரிய ஓட்டைப் பின்னலும் கூடாது. பிறந்த குழந்தையின் குல்லாவுக்கு 25 கிராம் நூல் போதும் என்பதால், இதற்கு மட்டும் சீட்டோடு இருக்கும் புதுப் பருத்தி நூலை வாங்கினாலும் பெரிய செலவில்லை.

இதோடு தொடர்புள்ள ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் அலமாரி என்றால் அந்துருண்டை இருக்கும். நன்கொடையாக வரும் நூலில் பாதி அந்த வாசனையோடுதான் வருகிறது. அந்துருண்டை பெரும்பாலும் நாஃப்தலீன் என்ற வேதிப்பொருள். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு, அந்துருண்டையோடு வைத்திருந்த துணியைப் போர்த்தினாலே சிவப்பணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலை கடுமையாகலாம். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறது என்பது பார்த்தால் தெரியாது. ஆகவே அந்த வாசனை வீசும் நூலைத் துவைத்துக் காயவைத்தாலும் சரி, பிறந்த குழந்தைகளின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். நன்றாக அலசி, பல நாள் காற்றாட விட்டு, பெரியவர்களின் போர்வைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மருத்துவமனைக்குப் போகும் முன் செவிலியர் கண்காணிப்பாளரை ஒருமுறை பார்த்துப் பேசுங்கள். என்ன அளவு, எத்தனை, எப்படிக் கட்டித் தர வேண்டும் என்று அவர் சொல்வதை எழுதிக்கொண்டு வந்தால், அந்தக் காகிதத்தையே நன்கொடையாளர்களிடம் காட்டலாம்.

கேள்வி: கொடுப்பவர்கள் சிலர் பூஞ்சை பிடித்த நூல், சிக்கலாகக் கிடக்கும் நூல், எம்பிராய்டரி நூல் என்று குப்பையைத் தள்ளிவிடுகிறார்கள். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்கிறார்கள். எப்படிச் சமாளிப்பது?
(மதுரை வாசகி)

பதில்: வாங்கும்போதே மறுக்காதீர்கள், ‘இதில் பின்னுவதற்கு ஆவது போக மீதியை வேறு யாருக்காவது கொடுக்கலாம் அல்லவா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் விருப்பம்தான். எம்பிராய்டரி நூலைப் பள்ளிக் கைவேலை ஆசிரியைக்குக் கொடுக்கலாம். சிக்கலைப் பிரிக்க, தொலைக்காட்சிக்கு முன் உட்கார்ந்திருக்கும் பாட்டி ஒருவரைப் பிடியுங்கள். பிரிக்கவே முடியாததை நறுக்கிப் பொம்மைக்குள் அடைக்கலாம். பூஞ்சை பிடித்ததற்கு மட்டும் இரக்கம் வேண்டாம், குப்பைக்குத்தான். அதன் நெடி மற்ற நூலுக்கும் ஏறும்.

கேள்வி: என் அம்மாவிடம் இரண்டு பெட்டி நிறைய நல்ல உல்லன் நூல் இருக்கிறது. இனி அவருக்குக் கண் தெரியவில்லை. ஊரில் பின்னும் பெண்களுக்கு அனுப்பிவைக்கலாமா?
(டொராண்டோ வாசகி)

பதில்: அனுப்பும் கூலியில் இங்கே அதைவிட அதிக நூல் வாங்கிவிடலாம். தவிர, இந்தியாவில் உள்ள ஓர் அமைப்பு வெளிநாட்டுக் குடிமக்களிடமிருந்து நன்கொடை பெற, அது பொருளாக இருந்தாலும், எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். சின்னஞ்சிறு பின்னல் குழுக்களுக்கு அது இருக்காது. நீங்கள் இருப்பது உண்மையாகவே குளிரும் ஊர். அந்த நூலுக்கு அங்கேதான் வேலை. அருகிலுள்ள நூலகத்திலோ தேவாலயத்திலோ கூடும் பின்னல் குழுவை விசாரியுங்கள். அம்மாவுக்கு எந்த ஊசி எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று இப்போதும் நினைவிருக்கும். அவரையும் அழைத்துக்கொண்டு போய் அவர் கையால் கொடுக்கச் செய்யுங்கள். கண் தெரியாவிட்டாலும் உருண்டை சுற்ற விரல் போதும், அவர்களுக்கும் ஓர் ஆள் கிடைக்கும்.

கேள்வி: நன்கொடை நூலில் பின்னியவற்றில் சிலவற்றை விற்று, அந்தப் பணத்தில் இன்னும் நூல் வாங்கலாமா? எங்கள் குழுவில் இரண்டு கருத்து இருக்கிறது.
(நாகர்கோவில் வாசகி)

பதில்: கொடுத்தவருக்கு முன்பே தெரிந்திருந்தால் விற்கலாம், தெரியாவிட்டால் கூடாது. அறிவிப்பிலேயே ‘சில பொருள்களை விற்று நூல் வாங்குவோம்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் சண்டைக்கே இடமில்லை. ஒரு நோட்டும் சமையலறைத் தராசும் வாங்கிக்கொள்ளுங்கள். தேதி, கொடுத்தவர், எத்தனை கிராம், என்ன நிறம், அது எதுவாயிற்று, எங்கே போயிற்று என்று ஒரு பக்கத்துக்கு ஆறு பத்தி கோடு போட்டு எழுதி வையுங்கள். குழுவில் ஒருத்தி நன்கொடை நூலில் தன் பேத்திக்குச் சட்டை பின்னிவிட்டாள் என்று எனக்கு ஆண்டுக்கு இரண்டு கடிதமாவது வரும். அவற்றில் ஒன்றிலும் நோட்டு இருந்ததாகத் தெரியவில்லை. நூல் கொடுத்தவருக்கு, அவர் நூல் சேர்ந்த போர்வையின் படத்தை, ‘மூன்றாவது வரிசையில் இருக்கும் மாம்பழ மஞ்சள் உங்களுடையது’ என்ற குறிப்போடு அனுப்புங்கள். அடுத்த முறை நீங்கள் கேட்க வேண்டியிருக்காது. அவரே தன் நாத்தனாரின் அலமாரியைத் திறந்துவைத்துக்கொண்டு உங்களைக் கூப்பிடுவார்.